பிழை எவருடையது?

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபொழுது, எதனைப் பற்றி எழுதுவதென்று சில நாள் தயங்கினேன். பழைய மாணவர் பலர் தம் ஆசிரியர்களையும், விளையாட்டுப் போட்டிகளையும், விடுதி வாழ்வையும் இனிமையாக எழுதுவர். எனக்கோ கணினிக்கு நிரல் எழுதுவதே சீவனோபாயம். அத்தொழிலில் நான் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சி, இக்கல்லூரியில் ஒரு காலத்தில் கற்று மறந்துபோன பாடமொன்றை எனக்கு மீண்டும் கற்பித்தது. ஆதலின் அதனையே இங்கு கூறத் துணிந்தேன். தொழில் நுணுக்கங்கள் சில இடையிடையே வரும், அன்பர்கள் பொறுத்தருள்க.

அப்பாடம் யாதெனில், கணித வகுப்பில் எங்கள் ஆசிரியர் இட்ட ஒரு கட்டளை. விடை தவறிவிட்டால் நாங்கள் தாளை அழிப்பான் கொண்டு தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கிவிடுவோம். அவர் அதனை ஒருபோதும் பொறுக்கமாட்டார். "பிழையை அழிக்காதே, அதன்மேல் ஒரு கோடு மட்டும் இடு. நீ எந்த வரியில் வழிதவறினாய் என்று நான் காணவேண்டும்," என்பார். மறைத்த பிழைக்கு மருந்தில்லை என்பது அவர் கொள்கை. அன்று அதனைக் கண்டிப்பு என்று எண்ணினோம். அது கருணை என்பதை அறிய எனக்கு முப்பது ஆண்டுகள் சென்றன.

இனி நிகழ்ச்சிக்கு வருவேன். 2021ஆம் ஆண்டில், கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் நெடுநாள் மூடிக்கிடந்த வேளையில், நாவலப்பிட்டியிலும் அயலிலும் வாழும் நண்பர் சிலர் கூடி, உயர்தர வகுப்பிற் கற்கும் வறிய பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்க முற்பட்டோம். வீடுவீடாகச் சென்று விண்ணப்பம் பெறுவது இயலாத காலம் அது. ஆகவே இணையவழி விண்ணப்பம் ஒன்றை அமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பைதன் மொழியில், ஜாங்கோ என்னும் சட்டகத்தைக் கொண்டு ஒரு சிறு செயலியை எழுதி, மாத வாடகைக்குப் பெற்ற வழங்கி ஒன்றில் ஏற்றினேன். பிள்ளைகள் கைப்பேசியிலேயே பெயர், பாடசாலை, முகவரி ஆகியவற்றை நிரப்பி, அதிபரின் சான்றிதழைப் படம்பிடித்து அனுப்பலாம். குழுவிலுள்ள முதியவர்கள் கோப்பினைத் திறவாமலே அஃது எவருடையதென்று அறிய வேண்டுமென விரும்பினர். எனவே பிள்ளையின் பெயரையும் பாடசாலையையும் முகவரியையும் ஒன்றாய்க் கோத்து, அதனையே அப்படத்திற்குக் கோப்புப் பெயராகச் சூட்டும்படி நிரலை எழுதினேன். அவ்வேற்பாட்டைக் குறித்து அன்று எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

விண்ணப்பங்கள் வந்தன. ஆயினும் பட்டணத்துப் பிள்ளைகளே மிகுதி. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவை மிகச் சில. குழு கூடி இதனை ஆராய்ந்தபொழுது, நல்லெண்ணம் உடைய நண்பர் ஒருவரே, "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் போதாது, நாம் என்ன செய்யலாம்?" என்று கவலையோடு கூறினார். எவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அது மட்டுமன்று, அக்கூற்றை உள்ளூர நம்பவும் செய்தேன். என் செயலி மீது ஒரு முறைப்பாடுகூட வந்ததில்லை. முறைப்பாடு இல்லையெனிற் குறையும் இல்லை என்பது என் கணக்கு.

அக்கணக்கு எத்துணைத் தவறானது என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது நம் ஊர்ப் புகையிரத நிலையமே. நாவலப்பிட்டிக்கு இருப்புப்பாதை வந்தது 1874ஆம் ஆண்டில். மலைக்கு ஏறும் அவ்வொற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாதிருக்க, 'டப்லட்' எனப்படும் வட்டத் தகட்டினை வளையத்தோடு கூடிய பையிலிட்டு நிலைய அதிபர் சாரதியிடம் கொடுப்பதை நாம் எல்லோரும் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கின்றோம். அத்தகடு அடுத்த நிலையத்தின் கருவிக்குட் சென்று சேரும்வரை, அப்பகுதிக்கென மற்றொரு தகட்டைக் கருவி வெளியே விடாது. வண்டி நலமே சென்றிருக்கும் என்று எவரும் ஊகித்துக்கொள்வதில்லை. செய்தி வரவில்லையாயின் பாதை இன்னும் அடைபட்டிருக்கின்றது என்றே கொள்ளுவர். மௌனத்தை நலமென்று கொள்ளாத ஏற்பாடு அது. ஒரு மாலை மேடையில் நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் கட்டிய செயலியோ மௌனம் முழுவதையும் நலமென்றே கொள்ளுகின்றது என்னும் எண்ணம் பளிச்சென்று தோன்றிற்று.

செயலிகளிடத்தும் அத்தகைய செய்தி வாங்கும் முறை உண்டு என்பதைத் தொழிலில் உள்ளோர் அறிவர். பிழையறிவிப்புச் செயலி என்று அதனைக் கூறலாம். பயன்படுத்துவோர் கையில் நிரல் இடறி விழும் கணத்தில், எந்த வரியில் விழுந்தது, எந்தப் படிகளைக் கடந்து அவ்வரிக்கு வந்தது, எத்தனை முறை விழுந்தது என்பவற்றைத் திரட்டி, எழுதியவனுக்கு அனுப்பிவிடும். இவ்வகையிற் பெயர் பெற்றது சென்ட்ரி. காவலாள் என்பது அச்சொல்லின் பொருள். 2008இல் டேவிட் கிரேமர் என்பவர் ஜாங்கோவுக்கென எழுதிய சிறு துணை நிரலாக அது பிறந்தது. இன்று உலகெங்கும் பரந்த நிறுவனமாய் வளர்ந்துள்ளது. அதன் சேவையை மாதக் கட்டணத்திற்குப் பெறலாம். சிறு அளவிற்கு இலவசமாகவும் பெறலாம். விரும்பினால் நம் சொந்தப் பொறியிலேயே நிறுவிக்கொள்ளவும் செய்யலாம்.

நான் இதில் இறங்கியது 2022ஆம் ஆண்டில். அவ்வாண்டின் அவலத்தை இம்மலரைப் படிப்போருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏப்பிரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், சில மாதங்களில் 350 ரூபாவைக் கடந்தது. டொலரிற் கட்டணம் செலுத்தும் சேவை எதனையும் நாடுவது எங்கள் சிறு நிதிக்கு ஆகாத காரியம். இலவச வகையையாவது கொள்ளலாமே எனில், வேறொரு தடை இருந்தது. பிழை அறிக்கையோடு பிள்ளைகளின் விவரங்களும் சேர்ந்து போய்விடக்கூடும். அவை எங்கோ தூர தேசத்துச் சேமிப்பகத்திற் கிடப்பதை நான் விரும்பவில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியதும் அதே 2022ஆம் ஆண்டிலேயாகும். ஆதலின் காவலாளை என் வீட்டிலேயே குடியமர்த்துவது என்று முடிவு செய்தேன்.

சென்ட்ரியை முழு உருவத்தோடு நிறுவுவதற்குக் காஃப்கா, கிளிக்ஹவுஸ் முதலிய பல துணைப்பொறிகளும், அவற்றைத் தாங்கும் பெரிய நினைவகமும் வேண்டும். என்னிடம் இருந்ததோ விசைப்பலகையில் இரண்டு எழுத்துத் தேய்ந்துபோன பழைய மடிக்கணினி. அதற்குத் தக்கதாய் வாய்த்தது கிளிச்டிப் என்னும் திறந்த மூலச் செயலி. சென்ட்ரிக்கு அறிக்கை அனுப்பும் அதே துணை நிரலைக் கொண்டே இதற்கும் அனுப்பலாம். ஆனால் சிறிய பொறியிலும் இயங்கும். மடிக்கணினியில் லினக்ஸை ஏற்றி, டொக்கர் மூலம் நான்கு கொள்கலன்களை எழுப்பினேன். தரவுகளைக் காக்கும் போஸ்கிரஸ் ஒன்று. வேலைகளை வரிசைப்படுத்தும் ரெடிஸ் ஒன்று. பக்கங்களைக் காட்டும் பகுதி ஒன்று. பின்னணியில் இருந்து உழைக்கும் பகுதி ஒன்று.

நிறுவுவது ஒரு மாலைப் பொழுதின் வேலை. அதனைச் செவ்வனே அமைப்பதற்கோ மூன்று வாரம் சென்றது. முதலாவதாக, எவரும் ஊகிக்கவியலாத மறைசாவி ஒன்றை ஆக்கி அமைப்புக் கோப்பில் இட்டேன். இரண்டாவதாக, என் கணக்கைத் திறந்தவுடன் புதியவர் பதிவு செய்யும் வாயிலை அடைத்தேன். அதனைத் திறந்து வைப்பது வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். மூன்றாவதாக, மின்னஞ்சல் உண்மையிலேயே போய்ச் சேருகின்றதா என்று சோதித்தேன். மணி அடிக்காத காவலாளால் யாது பயன்? நான்காவதாக, 90 நாள் வைத்திருக்கும் அறிக்கைகளை 30 நாளில் நீக்கும்படி குறைத்தேன். சிறிய வட்டு நிறைந்துவிட்டால் காவலாளும் விழுந்துவிடுவான்.

எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது வழி அமைப்பது. காவலாளை அதே வாடகை வழங்கியில் வைத்திருந்தால் வேலை எளிது. ஆனால் வீடு தீப்பற்றும்போது உள்ளே உறங்கும் காவற்காரனும் அகப்படுவான். கூவ எவரும் இரார். அன்றியும் அவ்வழங்கியின் நினைவகம் மிகச் சிறிது. என் வீட்டு இணைப்புக்கோ நிலையான முகவரி இல்லை; வெளியிலிருந்து எவரும் உள்ளே வரமுடியாது. எனவே மடிக்கணினியே உள்ளிருந்து வழங்கியை நோக்கி மறைகுறியிட்ட வழியொன்றைத் திறந்து வைக்குமாறும், அவ்வழி அறுந்தால் தானே மீண்டும் திறக்குமாறும் செய்தேன். மின்வெட்டு மற்றொரு பகை. அவ்வாண்டு மார்ச்சு முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை சென்ற மின்வெட்டு பின்னர் குறைந்ததேயன்றி உடனே நீங்கவில்லை. அனுப்பும் நிரல் தன் செய்தியை ஒரு முறை அனுப்பிப் பார்க்கும். வாங்குவார் இல்லையெனிற் காத்திராது. மடிக்கணினிக்கு அதன் மின்கலம் துணை நின்றது. இணையப் பெட்டிக்கு 12 வோல்ட் மின்கலம் ஒன்றை வாங்கி இணைத்தேன். அப்படியும் தப்பிப்போவனவற்றுக்காக, வழங்கியிலேயே ஒரு பதிவுக் கோப்பையும் வைத்தேன்.

பின்னர், விண்ணப்பச் செயலியிற் காவலாளின் முகவரியைப் பொறித்தேன். படிவத்தில் நிரப்பப்பட்ட எதனையும் அறிக்கையோடு அனுப்பலாகாது, நிரலின் உள்மாறிகளின் மதிப்புகளையும் அனுப்பலாகாது என்று கட்டளையிட்டேன். இறுதியாக, இத்தொழிலில் வழக்கமாகச் செய்யும் சோதனையைச் செய்தேன்: வேண்டுமென்றே ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுக்கச் சொன்னேன். சில நொடிகளில், சாளரத்தருகே இருந்த அம்மடிக்கணினியில் முதல் அறிக்கை வந்து நின்றது. எந்தக் கோப்பு, எந்த வரி என்று அது சுட்டியபோது, கணித ஆசிரியரின் ஒற்றைக் கோடு என் நினைவுக்கு வந்தது.

முதற் சில நாள்களில் ஒரு தொல்லையும் நேர்ந்தது. அற்ப எச்சரிக்கைகளுக்கெல்லாம் மடல் அனுப்பும்படி விட்டிருந்தேன். அஞ்சற்பெட்டி நிறைந்தது, மூன்றாம் நாள் நான் அவற்றைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். ஓயாது கூவும் காவலாளும் ஊமைக் காவலாளும் ஒன்றே என்று கண்டு, புதிய வகைப் பிழை தோன்றினால் மட்டும் மடல் வருமாறு திருத்தினேன்.

அவ்வாண்டு செப்டெம்பரில் விண்ணப்பம் திறந்தது. மூன்றாம் நாள் மாலை. வெளியே நம் ஊருக்கே உரிய மழை. மடல் ஒன்று வந்தது. திறந்து பார்த்தேன். ஒரே பிழை, 17 நிகழ்வுகள். "கோப்பின் பெயர் மிக நீளம்" என்பது அதன் சாரம்.

காரணத்தை உணர எனக்குச் சில நிமிடமே பிடித்தது. நாணம் அடங்கப் பல நாள் பிடித்தது. லினக்ஸ் பொறியில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்கு மேற் போகலாகாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழிலோ, ஒருங்குறியின் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாகும். 'தோட்டம்' என்னும் சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்குள் 7 குறியீடுகள், 21 பைட்டுகள். அவ்வாறாயின் தமிழ்ப் பெயருக்குக் கிடைப்பது 85 குறியீடுகள் அளவே. பட்டணத்துப் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் நிரப்பினர். தமிழில் நிரப்பியவர்க்கும் முகவரி சிறிது. தோட்டத்துப் பிள்ளையோ தந்தை பெயரோடு தன் பெயரையும், பாடசாலையின் முழுப் பெயரையும், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லயத்தின் இலக்கம் ஆகியவற்றையும் தமிழில் ஒழுங்காக எழுதுகின்றது. கேட்டவற்றையெல்லாம் முறையாக எழுதிய பிள்ளையையே என் நிரல் வெளியே தள்ளியது. நான் என் பெயரையும் 'நாவலப்பிட்டி' என்னும் முகவரியையும் இட்டுச் சோதித்தபோது அது ஒருபோதும் இடறவில்லை.

இன்னொன்றும் கண்டேன். படிவத்தில் உள்ளவை அறிக்கையில் வரலாகாது என்று நான் தடுத்திருந்தும், பிழைச் செய்தியின் உள்ளேயே அந்நீண்ட கோப்புப் பெயர் முழுவதும் வந்திருந்தது. பிள்ளையின் பெயரும் தோட்டமும் பிரிவும் என் கண்முன் இருந்தன. முன்வாயிலை அடைத்தவன் பின்வாயிலை மறந்தேன். அறிக்கை என் வீட்டிற்குள்ளேயே வந்து தங்கியது ஒன்றே ஆறுதல். அனுப்புமுன் கோப்புப் பெயர்களை வெட்டி நீக்கும் சிறு நிரலை அன்றிரவே சேர்த்தேன். ஆனால் அதற்குமுன் அப்பெயர்களை ஒரு தாளிற் குறித்துக்கொண்டேன். 17 நிகழ்வுகள் எனினும் பிள்ளைகள் 6 பேரே. ஒவ்வொருவரும் இரண்டு மூன்று முறை முயன்றிருந்தனர்.

கோப்புக்கு விண்ணப்ப இலக்கத்தை மட்டும் பெயராக இடுமாறு நிரலைத் திருத்தப் பத்து நிமிடம் போதுமானதாயிருந்தது. தொலைபேசி எண் என் கையில் இல்லாமையால், மறுநாள் காலை பஸ் ஏறி, கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டமொன்றிற்குச் சென்றேன். லயத்து வாசலில், கொழுந்து பறித்துவிட்டு மதிய உணவுக்கு வந்திருந்த தாய் ஒருவர் என்னை வரவேற்றுத் தேநீர் தந்தார். கோவில் மேட்டில்தான் அலை கிடைக்கும் என்றும், மகள் அங்கு ஏறி நின்று மூன்று முறை அனுப்பிப் பார்த்தாள் என்றும் கூறினார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் வியப்பே தோன்றிற்று.

"நாங்கதான் ஏதோ பிழையா அமுக்கிட்டோமுன்னு நெனச்சோம், சேர்," என்றார். பின்னர், சற்று நேரம் பேசாதிருந்து, "மூத்தவளும் போன வருசம் இப்படித்தான் போட்டுப் பார்த்தா. போகல்ல. பொறகு படிப்ப விட்டுட்டு கொழும்புல கடை வேலைக்குப் போயிட்டா," என்றார்.

அச்சொற்களிற் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. அதனாலேயே அவை என்னை இன்றளவும் விடவில்லை. எங்கள் உதவித்தொகை கிடைத்திருந்தால் அப்பெண் கல்வியைத் தொடர்ந்திருப்பாள் என்று உறுதி கூற என்னால் இயலாது. ஆனால் அவள் கேட்டாள். கேட்டது எங்கள் செவியில் விழவில்லை. விழாததை அவளுடைய ஆர்வக்குறை என்று நாங்கள் குறித்துக்கொண்டோம். 2021இல் அவ்வாறு திரும்பிச் சென்றோர் எத்தனை பேர் என்பதற்குப் பதிவேதும் இல்லை. பதிவில்லாத பிழைக்கு எண்ணிக்கையும் இல்லை.

குழு மீண்டும் கூடியது. நான் எழுந்து, பிழை என்னுடையது என்று கூறி, அவ்வறிக்கையைப் பெயர்கள் நீக்கிப் படித்துக் காட்டினேன். ஆர்வம் போதாது என்று முன்னாண்டு கூறிய நண்பரே இறுதித் திகதியை இரு வாரம் நீட்ட முதலில் முன்மொழிந்தார். அந்த இரு வாரங்களில் வந்த விண்ணப்பங்களுட் பெரும்பாலானவை தோட்டங்களிலிருந்தே வந்தன.

ஒரு சிறு திருத்தம் எஞ்சியிருந்தது. நிரல் இடறும்போது திரையில் "ஏதோ தவறு நேர்ந்தது; மீண்டும் முயல்க" என்று தோன்றுமாறு முன்னர் எழுதியிருந்தேன். தவறு எவருடையதென்று சொல்லாத வாக்கியம் அது. எளியவர் எவரும் அதனைத் தம் தவறென்றே படிப்பர்; பெரியவர்முன் தம்மையே பிழையாளராகக் கொள்ளத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட மக்களாயின் சொல்லவேண்டியதில்லை. இப்பொழுது அவ்விடத்தில் வேறு வாக்கியம் வருகின்றது: "பிழை எங்களுடையது, உங்களுடையது அன்று. எங்களுக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. இந்த இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்."

இன்று நம் கல்லூரியிற் கற்கும் இளைஞர் பலர் நாளை இத்தகைய செயலிகளை ஆக்குவர். வேறெவரோ ஆக்கியதைப் பெற்றுக்கொள்வதே நம் விதி என்று அவர்கள் எண்ணவேண்டா. 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடல்கோளின் பின்னர் இலங்கை இளைஞர் கூடி எழுதிய 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருள், சமூகப் பயனுக்கான விருதினை 2006ஆம் ஆண்டுக்கெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிடம் பெற்றது. ஆக்குந் திறம் நம்மிடத்தும் உண்டு. அத்திறத்தோடு, தான் ஆக்கியது எங்கே எவரை இடறச் செய்கின்றது என்று செவிகொடுக்கும் பணிவும் சேரவேண்டும் என்பதே மூத்தவன் ஒருவனின் வேண்டுகோள்.

பிழையை அழிக்காது ஒரு கோடு மட்டும் இடக் கற்பித்த ஆசிரியரை, இவ்விழா நாளில் நன்றியோடு வணங்குகின்றேன். நம் கல்லூரித் தாய் நீடு வாழ்க!